கேன்டீன் கணக்கு: 185 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

ஒரு சின்ன போட்டி. திருச்சி ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. அங்கிருந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட் பக்கமா, யாழ்ப்பாணத்துல இருக்கிற பலாலி ஏர்போர்ட் பக்கமா? மேப்பைப் பார்க்காம, செல்போனைத் தட்டாம, பக்கத்து சீட்டு ஃப்ரெண்டைக் கேட்காம சொல்லணும்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கோயம்புத்தூர்தான்! சிங்காநல்லூருக்கு நேரா பஸ்ஸே இருக்கே"ன்னு பாதிப் பேர் சொல்லியிருப்பீங்க. ஸாரி பாஸ்! ரெண்டும் ஒரே தூரம்தான். வளைவு நெளிவு இல்லாம நேர்க்கோட்டுல அளந்தா, திருச்சியிலிருந்து ரெண்டு ஏர்போர்ட்டுமே ஏறத்தாழ 185 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

நம்ப முடியலை இல்ல? ஒண்ணு டவுன் பஸ் பிடிக்கிற மாதிரி பக்கத்துல இருக்கு. இன்னொண்ணு கடல் தாண்டி, பாஸ்போர்ட் தாண்டி எங்கேயோ இருக்கு. மனசுக்குள்ள இருக்கிற மேப் வேற, மண்ணுல இருக்கிற மேப் வேற!

2025 மார்ச் 30-ல திருச்சி - யாழ்ப்பாணம் விமான சேவையை இண்டிகோ தொடங்குச்சு. டிக்கெட்டுல போட்டிருந்த பயண நேரம் சுமார் ஒரு மணி. இங்கதான் அடுத்த கேள்வி. அந்த ரூட்டுல பறக்கிற ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல போகும். 185-ஐ 500-ஆல வகுத்தா 22 நிமிஷம்தானே வரணும்? மிச்ச 38 நிமிஷம் எங்கே போச்சு? யார் அடிச்சா?

வாங்க, டீ ஆறுறதுக்குள்ள கண்டுபிடிச்சிடலாம்.

தூரம் அளக்க டேப் வேணாம்!

ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கிற தூரத்தைக் கண்டுபிடிக்க அட்சரேகை, தீர்க்கரேகை தெரிஞ்சா போதும். ஏழாம் கிளாஸ் பூகோளத்துல தூங்கினவங்களுக்காக ஒரு வரி: அட்சரேகை வடக்கு - தெற்கைச் சொல்லும், தீர்க்கரேகை கிழக்கு - மேற்கைச் சொல்லும்.

அட்சரேகையில ஒரு டிகிரி நகர்ந்தா சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில ஒரு டிகிரிங்கிறது இடத்துக்கு இடம் மாறும். பூமத்திய ரேகையில அதுவும் 111-தான். வடக்கே போகப் போகச் சுருங்கிக்கிட்டே வந்து, துருவத்துல பூஜ்யமாயிடும். எவ்வளவு சுருங்கும்? அந்த இடத்து அட்சரேகையோட 'காஸ்' மதிப்பால பெருக்கணும். நம்ம ஏரியா 10 டிகிரி சொச்சத்துல இருக்கு. அதனால 111 கொஞ்சம் இளைச்சு 109 ஆயிடும்.

இப்போ கணக்கு. திருச்சி ஏர்போர்ட்: வடக்கு 10.77, கிழக்கு 78.71. பலாலி: வடக்கு 9.79, கிழக்கு 80.07. வடக்கு - தெற்கு வித்தியாசம் 0.98 டிகிரி, கிலோமீட்டர்ல 109. கிழக்கு - மேற்கு வித்தியாசம் 1.36 டிகிரி, கிலோமீட்டர்ல 148. இந்த ரெண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தோட ரெண்டு பக்கம். மூணாவது பக்கத்துக்கு நம்ம பிதாகரஸ் அண்ணாச்சியைக் கூப்பிடுங்க. விடை 184 சொச்சம்.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்: வடக்கு 11.03, கிழக்கு 77.04. அதே மாதிரி போட்டா ஒரு பக்கம் 29, இன்னொரு பக்கம் 182. விடை? அதே 184 சொச்சம்! போட்டியில தோத்தவங்க டீக்குக் காசு குடுத்துடுங்க.

இந்த பிதாகரஸ் டெக்னிக் சில நூறு கிலோமீட்டர் வரைக்கும்தான் சரிப்படும். பூமி உருண்டைங்கிறதால, சென்னையிலிருந்து அமெரிக்கா மாதிரி நீண்ட தூரத்துக்கு இது காலை வாரிடும். அங்கே உருண்டை மேல நூலை இழுத்துப் பிடிச்ச மாதிரி 'பெருவட்டப் பாதை'யை அளக்கணும். உலக உருண்டை இருந்தா ஒரு நூலை எடுத்து நிஜமாவே வெச்சுப் பாருங்க. விமானம் ஏன் வடக்கே வளைஞ்சு போகுதுன்னு அப்பவே புரிஞ்சிடும்.

விமானிகள் கிலோமீட்டர் பேச மாட்டாங்க. அவங்க பாஷை நாட்டிக்கல் மைல். ஒரு டிகிரி அட்சரேகையை 60 துண்டாக்கினா அதுல ஒரு துண்டுதான் ஒரு நாட்டிக்கல் மைல். கிலோமீட்டர்ல 1.852. அந்தக் கணக்குல திருச்சி - பலாலி 99 மைல். செஞ்சுரிக்கு ஒரு ரன் பாக்கி!

22 நிமிஷம் எப்படி 60 ஆச்சு?

முதல்ல ஒரு விஷயம். டிக்கெட்டுல இருக்கிறது பறக்கிற நேரம் இல்லை. சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கட்டையை இங்கே எடுக்கிறதுல இருந்து, அங்கே போய் மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். ஏர்லைன்ஸ்காரங்க இதை 'பிளாக் டைம்'னு சொல்வாங்க. அதாவது, விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போறது, வரிசையில நிக்கிறது, இறங்கினதுக்கு அப்புறம் உருண்டு வர்றது எல்லாம் நம்ம கணக்குலதான்.

ரெண்டாவது, கிளம்புற திசை. விமானம் எப்பவும் எதிர்க்காத்துலதான் ஏற விரும்பும், இறங்கவும் அப்படித்தான். பட்டம் விட்டவங்களுக்குத் தெரியும், எதிர்க்காத்து இருந்தாதான் சீக்கிரம் தூக்கும். திருச்சி ஓடுபாதையோட பேரு 09/27. 09-ன்னா 90 டிகிரி, நேர் கிழக்கு. 27-ன்னா 270 டிகிரி, நேர் மேற்கு. பலாலி இருக்கிறதோ தென்கிழக்குல. தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற ஜூன், ஜூலையில மேற்கே பார்த்துதான் கிளம்ப வேண்டியிருக்கும். யாழ்ப்பாணம் போற விமானம் முதல்ல கரூர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஏறி, அப்புறம் ஒரு சுத்துச் சுத்தித் திரும்பும். அங்கே இறங்கும்போதும் ஓடுபாதைக்கு நேரா வர்றதுக்கு இன்னொரு வளைவு. இந்த ரெண்டு வளைவுலயே அஞ்சாறு நிமிஷம் காலி.

மூணாவதுதான் மெயின் மேட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர்ங்கிறது உயரத்துல சமமா பறக்கும்போது வர்ற வேகம். ஏறும்போது அவ்வளவு வராது. மலைப் பாதையில பஸ் ஏறுற மாதிரிதான். இறங்கும்போது வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வரணும். இறங்குறதுக்கு விமானிகள்கிட்ட ஒரு மனக்கணக்கு உண்டு: உயரத்தை ஆயிரம் அடியில எழுது, மூணால பெருக்கு, அத்தனை நாட்டிக்கல் மைல் முன்னாடியே இறங்க ஆரம்பி. 15,000 அடியில பறந்தா 45 மைலுக்கு முன்னாடியே மூக்கைத் தாழ்த்தணும்.

மொத்தமே 99 மைல்தானே? அதுல ஏறுறதுக்கு ஒரு 35 மைல், இறங்குறதுக்கு 45 மைல்னு உத்தேசமா எடுத்துக்கிட்டா, நிம்மதியா முழு வேகத்துல பறக்க மிச்சம் இருக்கிறது 19 மைல். நாலு நிமிஷம்! ஏர்ஹோஸ்டஸ் தண்ணி பாட்டிலை நீட்டுறதுக்குள்ள "சீட் பெல்ட் போடுங்க"ன்னு மறுபடி அறிவிப்பு வந்துடும்.

கூட்டிப் பார்ப்போம். ஏற 11 நிமிஷம், சமமா 4 நிமிஷம், இறங்க 12 நிமிஷம், வளைவுகளுக்கு 6 நிமிஷம். ஆகாயத்துல 33 நிமிஷம். தரையில ரெண்டு பக்கமும் உருள்றதுக்கு 13 நிமிஷம். மொத்தம் 46. இன்னும் ஒரு 14 நிமிஷம் குறையுதே?

அது ஏர்லைன்ஸ் சட்டைப் பையில இருக்கு! அட்டவணை போடும்போதே கொஞ்சம் தாராளமா போட்டுடுவாங்க. நம்ம நாட்டுல குறிச்ச நேரத்துல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள இருந்தா 'சரியான நேரம்'னு கணக்கு. அந்த மார்க்கை வாங்க, முன்கூட்டியே கையில கொஞ்சம் நிமிஷம் வெச்சுக்கிறாங்க. "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு பைலட் பெருமையா அறிவிக்கிறப்போ கை தட்டாதீங்க. பரீட்சைக்குப் போற அன்னிக்கு அம்மா கடிகாரத்தை பத்து நிமிஷம் கூட்டி வைப்பாங்களே, அதே டெக்னிக்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஆகாயத்துலயும் ரோடு போட்டிருக்காங்க. அஞ்செழுத்துப் பேர் வெச்ச கற்பனைப் புள்ளிகளை இணைச்சுத்தான் பாதை. நாம பிதாகரஸை வெச்சுப் போட்ட நேர்க்கோடு மேலயே விமானம் போகணும்னு கட்டாயம் இல்லை. பாக் ஜலசந்திக்கு மேல ஒரு இடத்துல சென்னைக் கட்டுப்பாட்டு ஆட்கள் "இனிமே அவங்ககூட பேசு"ன்னு கொழும்புக்காரங்க கையில விமானத்தை ஒப்படைப்பாங்க. கீழே படகுக்காரங்களைப் பாடாய்ப் படுத்துற எல்லை, மேலே ஒரு ரேடியோ அலைவரிசை மாத்துறதோட முடிஞ்சிடுது.

ஒரே ஒரு ஃபார்முலா போதும்

இவ்வளவும் ஞாபகம் வெச்சுக்க வேணாம். பள்ளிக்கூடத்துல நேர்க்கோட்டுச் சமன்பாடு படிச்சோமே, ஒய் = எம்எக்ஸ் + சி? 'இது வாழ்க்கையில எங்கடா உதவப் போகுது'ன்னு அன்னிக்குக் கேட்டவங்களுக்கு இன்னிக்கு பதில்.

பயண நேரம் = 35 நிமிஷம் + (தூரம் ÷ வேகம்).

அந்த 35-தான் 'சி'. எவ்வளவு கிட்டத்துல போனாலும் கட்டியே ஆகவேண்டிய மினிமம் சார்ஜ். ஆட்டோ மீட்டர் மாதிரி. ஏ.டி.ஆர். மாதிரி காத்தாடி விமானத்துக்கு வேகம் 500, ஜெட்டுக்கு 800-ன்னு போட்டுக்கோங்க. இந்த 35 எந்த ஏர்போர்ட்லயும் எழுதி ஒட்டலை. அட்டவணைகளைப் பார்த்து நாம குத்துமதிப்பா எடுத்தது. ஆனா எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க!

திருச்சி - பலாலி: 35 + 22 = 57 நிமிஷம். டிக்கெட் சொன்னது ஒரு மணி.

சென்னை - பலாலி: நேர்த்தூரம் சுமார் 355 கிலோமீட்டர். 35 + 43 = 78 நிமிஷம். அந்த ரூட்டோட அட்டவணை சுமார் ஒண்ணேகால் மணி. தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நேரம் இருபது நிமிஷம்தான் கூட!

சென்னை - மதுரை: சுமார் 415 கிலோமீட்டர், ஏ.டி.ஆர்.ல 85 நிமிஷம். சென்னை - டெல்லி: சுமார் 1,760 கிலோமீட்டர், ஜெட்ல 167 நிமிஷம். அதாவது ரெண்டே முக்கால் மணி. டெல்லி போய்ட்டு வந்த சீனியர் யாரையாவது கேட்டுப் பாருங்க, சரியா இருக்கும்.

இதுல இருந்து ஒரு உண்மையும் புரியும். கிட்டத்து ஊருக்கு ஜெட் விட்டாலும் பெரிசா பிரயோஜனம் இல்லை. 185 கிலோமீட்டருக்கு ஜெட்ல போனா மிச்சமாகிறது எட்டு நிமிஷம். அதுக்கு எரியற பெட்ரோலை நினைச்சா வயிறு எரியும். சின்ன ஊர்களை இணைக்க உலகம் பூரா காத்தாடி விமானமே ஓடுறதுக்கு இதுதான் காரணம்.

ஃபார்முலா ஃபெயிலாகிற இடமும் ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரேன்னு ரெண்டு குட்டித் தீவு. நடுவுல 2.7 கிலோமீட்டர். 1967-ல இருந்து லோகன் ஏர் அங்கே விமானம் விடுது. உலகத்துலயே மிகக் குறைந்த தூரம் பறக்கிற ரெகுலர் சர்வீஸ் இதுதான். அட்டவணை நேரம் ரெண்டு நிமிஷம். காத்து சாதகமா இருந்தப்போ போட்ட ரெக்கார்டு 53 செகண்ட்! நம்ம ஃபார்முலாப்படி 35 நிமிஷத்துக்கு மேல ஆகணும். ஏன் ஆகலை? அங்கே விமானம் எட்டு, பத்து பேர் உக்கார்ற சின்ன ஐலேண்டர். உருள்ற தூரம் கிடையாது, வரிசை கிடையாது, மேகத்தைத் தொடுற உயரமும் கிடையாது. ஆக, அந்த 'சி' விமானத்தோட குணம் இல்லை. அதைச் சுத்தி நாம கட்டி வெச்சிருக்கிற ஏற்பாடுகளோட குணம்.

முக்கோணத்தோட மூணாவது பக்கம்

இதுவரைக்கும் நிமிஷக் கணக்கு. இனிமே வருஷக் கணக்கு.

ஒரு முக்கோணத்துல எந்த ரெண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூணாவது பக்கத்தைவிட அதிகமாத்தான் வரும். ஜியாமெட்ரியில இது ஒரு தேற்றம். தமிழ்நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவுல பயணம் செஞ்சவங்களுக்கு இது நாற்பது வருஷ அனுபவம்.

நேர் விமானம் இல்லாத காலத்துல திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக என்ன செய்யணும்? முதல்ல கொழும்பு கட்டுநாயக்க ஏர்போர்ட். அது 415 கிலோமீட்டருக்கு மேல. அங்கிருந்து மறுபடி வடக்கே பஸ்லயோ ரயில்லயோ கிட்டத்தட்ட இன்னொரு 400 கிலோமீட்டர். மொத்தம் 800-ஐ நெருங்குது. 185 கிலோமீட்டர்ல இருக்கிற ஊருக்கு நாலு மடங்கு தூரம்! பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுத்தி வர்ற கதை.

எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1914-ல பாம்பன் பாலம் திறந்ததும் 'போட் மெயில்' ஓடுச்சு. தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கிட்டுப் போச்சு. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, 1980-களில் இனக்கலவரமும் போரும் வந்ததும் அதுவும் நின்னுபோச்சு.

பலாலிக்கும் நீளமான கதை உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர்ல ஏர் சிலோன் தன்னோட முதல் சேவையைத் தொடங்கினப்போ, கொழும்பு ரத்மலானையில கிளம்பின டகோட்டா விமானம் பலாலி வழியாத்தான் மெட்ராஸ் வந்துச்சு. அதாவது, இலங்கை சுதந்திரம் வாங்குறதுக்கு முன்னாடியே இந்த மூணாவது பக்கம் திறந்திருந்தது!

போர் வந்தப்போ பலாலி ராணுவத் தளமாச்சு. 1990-ல வலிகாமம் வடக்கு மக்கள் வீடு, கிணறு, பனங்காடு எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பினாங்க. அதே வருஷம் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்னுச்சு. மறுபடி அங்கே ரயில் வந்தது 2014 அக்டோபர்லதான். 1998 செப்டம்பர் 29-ல பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பின லயன் ஏர் விமானம் மன்னார்க் கரைக்கு அப்பால கடல்ல விழுந்து, அதுல இருந்த 55 பேரும் இறந்துட்டாங்க. 2006 ஆகஸ்ட்ல ஏ-9 சாலையை மூடினப்போ, குடாநாட்டை விட்டு வெளியே வர விமானமும் கப்பலும்தான் வழி. நாம எட்டு நிமிஷம் மிச்சமாகுமான்னு கணக்குப் போடுற அதே பாதையில, உயிரோட போய்ச் சேருவோமான்னு ஒரு தலைமுறை கணக்குப் போட்டிருக்கு.

2019 அக்டோபர் 17-ல பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' ஆச்சு. நவம்பர் 11-ல அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ரெகுலரா பறக்க ஆரம்பிச்சுது. நாலே மாசம்! 2020 மார்ச்ல கொரோனா வந்து எல்லாத்தையும் இழுத்து மூடுச்சு. மறுபடி பறந்தது 2022 டிசம்பர் 12-ல. 2024 செப்டம்பர் 1-ல சென்னையிலிருந்து இண்டிகோவும் வந்துச்சு. அடுத்த மார்ச்ல திருச்சி. கடல் வழியா, 2023 அக்டோபர் 14-ல நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்குச்சு. நடுவுல நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி கிளம்புச்சு. 110 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம்.

நின்னுச்சு, கிளம்புச்சு, நின்னுச்சு, கிளம்புச்சு... இந்தப் பாதையோட வரலாறே இந்த ரெண்டு வார்த்தைதான்.

இதுல நமக்கு என்ன?

நியாயமான கேள்வி. சர்வதேசப் பயணம்னா மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட் போகணும்னு சொல்றாங்க. 33 நிமிஷம் பறக்க 180 நிமிஷம் காத்திருப்பு. இமிக்ரேஷன், பெட்டி, டாக்ஸி எல்லாம் சேர்த்தா அஞ்சு மணி நேரம் ஆயிடும். திருச்சியில பஸ் ஏறி கோயம்புத்தூர் போற நேரமும் ஏறக்குறைய அதேதான்! தூரத்துல மட்டுமில்ல, நேரத்துலயும் ரெண்டும் சமம். பழைய வழியில கொழும்பு போய்ப் போறவங்களுக்கு ஒரு முழுப் பகலோ, ஒரு முழு ராத்திரியோ போகும்.

அந்த ஒரு நாள் யாருக்கு முக்கியம்? அகதியா வந்து இங்கேயே படிச்சு வளர்ந்து, பாட்டியை போட்டோவுல மட்டும் பார்த்திருக்கிற பசங்களுக்கு. சாவுச் செய்தி கேட்டுக் கிளம்புறவங்களுக்கு. ஆபரேஷனுக்காக இங்கே வர்ற வயசானவங்களுக்கு, எட்டு மணி நேர பஸ் பயணம் மிச்சமாகுதுங்கிறது சாதாரண விஷயமா?

ஆனா ரெண்டு விஷயத்தையும் மறக்கக் கூடாது. ஒண்ணு, இந்த மாதிரி ரூட் சீட் நிறைஞ்சாதான் ஓடும். 78 சீட்ல பாதி காலியா போனா, எவ்வளவு நல்ல நோக்கமும் அட்டவணையில நிக்காது. விமான அட்டவணை வருஷத்துல ரெண்டு தடவை, மார்ச் கடைசி ஞாயிறுலயும் அக்டோபர் கடைசி ஞாயிறுலயும் மாறும். ஒரு சீசன்ல இருக்கிற ரூட் அடுத்த சீசன்ல இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி அன்னிக்கு நிலவரத்தைப் பாருங்க.

ரெண்டு, அந்த ஓடுபாதையைச் சுத்தி இருக்கிறது 1990-ல கிளம்பினவங்களோட மண். கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுத்திருக்காங்க. ஆனா எல்லாருக்கும் கிடைச்சிடலை. ஏர்போர்ட்டைப் பெரிசாக்கணும்னு பேச்சு வரும்போதெல்லாம், "எங்க காணி என்னாகும்?"னு கேட்க அங்கே ஆள் இருக்காங்க. பெரிய விமானம் வர நீளமான ஓடுபாதை வேணும். நீளமான ஓடுபாதைக்கு நிலம் வேணும். மேலே பறக்கிறவங்க நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிறப்போ, கீழே முப்பத்தஞ்சு வருஷமா காத்துக்கிட்டு இருக்கிறவங்களையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கணும்.

ஹோம்வொர்க்!

1. மதுரை ஏர்போர்ட் வடக்கு 9.83, கிழக்கு 78.09. பலாலி 9.79, 80.07. தூரம் எவ்வளவு? ஏ.டி.ஆர். விட்டா எத்தனை நிமிஷம்? (ஒரு க்ளூ: ரெண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அதாவது, மதுரையில சூரியன் உதிக்கிற பக்கம் நேரா பார்த்தா யாழ்ப்பாணம்! 217 கிலோமீட்டருக்குப் பக்கத்துல வந்தா நீங்க பாஸ்.)

2. டிக்கெட்டுல இருக்கிற கிளம்புற நேரம், சேர்ற நேரம் ரெண்டும் அந்தந்த ஊர் நேரம். யாழ்ப்பாணத்துக்கு அப்படியே கழிச்சா போதும், ரெண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம். ஆனா 1996 மே மாசத்துல இருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் இலங்கை தன்னோட கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெச்சிருந்தது. 1996 அக்டோபருக்கு அப்புறம் அந்த வித்தியாசம் அரை மணி. 2000-ல 10 மணிக்கு திருச்சியில கிளம்பி, ஒரு மணி நேரம் பறந்து கொழும்புல இறங்கினவர் அங்கத்துக் கடிகாரத்துல என்ன நேரம் பார்த்திருப்பார்?

3. உங்க ஊருக்குப் பக்கத்து ஏர்போர்ட்ல இருந்து 185 கிலோமீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போடுங்க. அதுக்குள்ள வர்ற ஊர்கள்ல எத்தனை ஊருக்கு நீங்க போயிருக்கீங்க, எத்தனை ஊருக்குப் போகவே வழியில்லைன்னு ஒரு லிஸ்ட் எடுங்க.

மூணாவது கேள்விக்கு மட்டும் ஃபார்முலா கிடையாது. ஸோ, ஹாஸ்டல் ரூம்ல அட்லஸை விரிங்க, காம்பஸை எடுங்க. விடையோட அடுத்த வாரம் இதே மேஜையில சந்திப்போம். டீ என் கணக்குல!